மில்லுக்கு 480 நாள்... பள்ளிக்கு?

ராஜபாளையத்தில் மில் வேலையைப் பற்றிப் பேச்செடுத்தால் 480 என்ற எண் வந்தே தீரும். 24 மாதத்துக்குள் 480 நாள் வேலை பார்த்துவிட்ட தொழிலாளி நிரந்தரம் என்கிறது, தமிழ்நாட்டில் 1981-இல் வந்த நிரந்தரத் தகுதிச் சட்டம். முதலாளி மனம் வைத்துத் தர வேண்டிய சலுகை அல்ல அது. அந்த எண்ணை எட்டவிடாமல் செய்யத் தமிழகத்து நூற்பாலைகள் பல கையாண்ட உத்திகளும் ஊரறிந்தவை. 'பயிற்சித் தொழிலாளி' என்று பெயர் சூட்டினார்கள். மூன்று வருட ஒப்பந்தம் போட்டு, பெண்பிள்ளைகளை விடுதியில் அடைத்து வேலை வாங்கினார்கள். நடுவில் சில நாள் நிறுத்திவைத்துப் புதிதாய் எடுப்பதுபோல் எடுத்தார்கள். இத்தனைக்கும் பிறகு, சட்டம் என்று ஒன்று இருந்ததால்தான் தொழிற்சங்கங்களுக்குச் சண்டை போட ஒரு பிடி கிடைத்தது.

அதே ஊரில் தனியார் பள்ளி ஆசிரியருக்கு அப்படி ஒரு எண் கிடையாது. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய காலந்தொட்டுப் பஞ்சாலையும் பள்ளியும் சேர்ந்தே வளர்ந்த ஊர் இது. ஒரே வீட்டில் கணவர் மில்லுக்கும் மனைவி மெட்ரிக் பள்ளிக்கும் போகும் குடும்பங்கள் இங்கே ஏராளம். சட்டத்தின் கண்ணில் கணவர் தொழிலாளி. மனைவி யார்?

இந்தக் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 1988-இல் ஒரு பதில் சொன்னது. கோவாவில் தனியார் பள்ளி ஒன்றிலிருந்து நீக்கப்பட்ட ஆசிரியை தொடுத்த, சுந்தராம்பாள் வழக்கு என்று சட்ட உலகம் அறிந்த வழக்கு அது. கற்பித்தல் ஓர் உயர்ந்த தொண்டு, அதைச் செய்பவரைத் தொழில் தகராறு சட்டத்தில் வரும் 'தொழிலாளி' என்று சொல்ல முடியாது என்பது தீர்ப்பு. பள்ளிக்கூடமும் ஒரு 'தொழில்'தான் என்று பத்து வருடம் முன்பே, 1978-இல், பெங்களூரு குடிநீர் வாரிய வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்வு சொல்லியிருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் என்ன ஆகிறது? பள்ளி வேன் ஓட்டுபவரை நிறுத்தினால் அவர் தொழிலாளர் நீதிமன்றம் போகலாம். அந்த வேனில் வந்து இறங்கும் ஆசிரியையை நிறுத்தினால் அவருக்கு அந்தக் கதவு மூடியிருக்கும். தொழில் தகராறு சட்டத்தின் இடத்துக்கு 2025 நவம்பர் 21-இல் தொழிலுறவுத் தொகுப்பு வந்துவிட்டது. ஆசிரியர் அதிலும் வெளியேதான் நிற்கிறார். உயர்ந்த தொண்டு என்ற பட்டம், தொண்டு செய்பவரின் உரிமையைப் பறிக்கும் காரணமாக ஆகிவிட்டது.

விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆனால் நிறுத்தப்பட்ட தனியார் பள்ளி ஆசிரியர் அங்கே போய் உரிமையியல் வழக்குப் போட்டாலும், 'வேலையைத் திருப்பிக் கொடு' என்று பொதுவாக உத்தரவு வராது. தனிமனிதச் சேவை ஒப்பந்தத்தை நீதிமன்றம் வலுக்கட்டாயமாக நிறைவேற்றி வைப்பதில்லை. இழப்பீடு கேட்கலாம், அவ்வளவுதான். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போய் ரிட் மனு போடுவதற்கும் 2022-இல் உச்ச நீதிமன்றம் கோடு கிழித்துவிட்டது. தனியார் பள்ளி ஊழியரின் பணி விவகாரத்தில், சட்டவிதி ஒன்று மீறப்பட்டிருந்தால்தான் ரிட் செல்லும்.

பணிப்பதிவேடும் பிளாஸ்டிக் ஃபைலும்

அரசுப் பள்ளி ஆசிரியருக்கு 'எஸ்.ஆர்.' என்கிற பணிப்பதிவேடு உண்டு. தடிமனான புத்தகம். முதல் பக்கங்களில் பெயர், பிறந்த தேதி, அங்க மச்ச அடையாளம், படிப்பு. அதற்குப் பிறகு வருடா வருடம் இன்க்ரிமென்ட், விடுப்புக் கணக்கு, பணிவரன்முறை ஆணை, தகுதிகாண் பருவம் முடித்த ஆணை என்று வரிவரியாக ஏறிக்கொண்டே போகும். ஒவ்வொரு பதிவின் ஓரத்திலும் அதிகாரியின் கையெழுத்து. ஒரு பதிவு விட்டுப்போனால் ஓய்வூதியத்தின்போது அலைய வேண்டும் என்பதால், அந்தப் புத்தகத்தைத் தன் பிள்ளையின் ஜாதகத்தைவிடக் கவனமாகப் பார்ப்பவர்கள் உண்டு. தகுதிகாண் பருவம் இரண்டு ஆண்டு. அதைத் தாண்டியவரை விசாரணையின்றி வெளியேற்ற முடியாது. அரசியல் சட்டத்தின் 311-ஆவது பிரிவு நடுவில் நிற்கிறது. குற்றச்சாட்டு என்றால் '17பி' குறிப்பாணை தர வேண்டும், விளக்கம் கேட்க வேண்டும், விசாரணை அதிகாரி போட வேண்டும்.

தனியார் பள்ளி ஆசிரியரிடம் இருப்பது பெரும்பாலும் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். அதற்குள் சான்றிதழ்களின் ஜெராக்ஸ். ஒரிஜினல் எங்கே என்று கேட்டால், பள்ளி அலுவலக பீரோவில் இருக்கிறது என்பார்கள். வேலையில் சேரும்போது வாங்கி வைத்ததைத் திருப்பித் தர மறுக்கிறார்கள் என்பது தமிழகம் முழுக்கத் தனியார் பள்ளி ஆசிரியர்களின் நீண்டகாலக் குறை. நியமன ஆணை பலருக்குக் கையில் தரப்படுவதே இல்லை. சம்பளம் வங்கியில் ஏறிய பிறகு ஒரு பகுதியைப் பணமாகத் திருப்பிக் கொடுக்கச் சொல்லும் பள்ளிகளைப் பற்றிய புகாரும் புதிதல்ல. ஏப்ரல் வந்தால் அட்மிஷன் கேன்வாஸ். நோட்டீஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு சத்திரப்பட்டி, சேத்தூர், மம்சாபுரம் என்று வெயிலில் வீடுவீடாக ஏற வேண்டியது கணக்கு டீச்சரும் தமிழ் டீச்சரும்தான். எத்தனை பிள்ளைகளைச் சேர்த்தோம் என்பதை வைத்து அடுத்த வருடம் வேலை உண்டா என்று முடிவாகிற இடத்தில், நன்றாகப் பாடம் நடத்தியது எந்தக் கணக்கில் வரும்?

இது ஆசிரியரின் சோறு பற்றிய பிரச்சினை மட்டுமல்ல. தாளாளரின் உறவுக்காரப் பையன் கணக்கில் தோற்றான் என்று எழுதும் துணிச்சல் யாருக்கு வரும்? பிராக்டிகல் மார்க்கைக் கூட்டிப் போடச் சொன்னால் மறுக்க யாருக்கு முடியும்? அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலம் 1909-இலேயே பள்ளி ஆசிரியருக்குப் பணிப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்ததற்குக் காரணம் இதுபோன்றதுதான். உள்ளூர் அரசியல்வாதி மாறும்போதெல்லாம் ஆசிரியரும் மாறிக்கொண்டிருந்த காலம் அது.

தாளாளர் காலம்

நம் ஊரில் இந்தப் பாதுகாப்பு ஒரே நாளில் வந்ததல்ல. உதவிபெறும் பள்ளிகள்தான் ஒருகாலத்தில் தமிழ்நாட்டுக் கல்வியின் முதுகெலும்பு. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இன்றும் ஊரின் பழைய பள்ளிகள் என்றால் அவைதான் நினைவுக்கு வரும். அரசு தரும் மானியம் நிர்வாகியின் கைக்குப் போய், அவர் கையால் ஆசிரியருக்கு வந்த காலத்தில், கையெழுத்துப் போடும் தொகை ஒன்று, வாங்கிப் போகும் தொகை வேறு. அதைக் கேட்டால் அடுத்த மாதம் வேலை இருக்காது.

மாற்றம் படிப்படியாக வந்தது. விருதுநகர்க்காரரான காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது, 1955-இல், உதவிபெறும் பள்ளி ஆசிரியர்களுக்கு சேமநிதி, காப்பீடு, ஓய்வூதியம் மூன்றும் சேர்ந்த முப்பலன் திட்டம் வந்தது. நாட்டுக்கே அது முன்னோடி. 1973-இல் தமிழ்நாடு தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. அதன் 22-ஆவது பிரிவுதான் அடிப்படை. ஆசிரியரை நீக்கவோ பதவி இறக்கவோ வேண்டுமென்றால் கல்வித்துறை அதிகாரியின் முன் அனுமதி வேண்டும்; தற்காலிகப் பணிநீக்கத்தையும் மாதக்கணக்கில் இழுக்கக் கூடாது. டி.இ.ஓ. ஆபீஸ் அப்ரூவல் இல்லாமல் தாளாளர் எதுவும் செய்ய முடியாது என்ற நிலை வந்தபிறகுதான் உதவிபெறும் பள்ளி ஆசிரியர் நிமிர்ந்து நடந்தார்.

மெட்ரிக் பள்ளிகள் தனி விதித்தொகுப்பின்கீழ் நெடுநாள் ஓடிக்கொண்டிருந்தன. எல்லாத் தனியார் பள்ளிகளையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவர 2018-இல் புதிய சட்டம் நிறைவேறியது. அதற்கான விதிகள் 2023-இல் வந்தன. ஏட்டில் இருக்கிறது. நியமன ஆணையே கையில் இல்லாதவர் எந்த ஏட்டைக் காட்டி வாதாடுவார் என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி.

அரை நாள் ஆசிரியர்கள்

தனியார் பள்ளியை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. அரசே என்ன செய்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

2012 மார்ச்சில் அரசு நடுநிலை, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். ஓவியம், உடற்கல்வி, கணினி, தையல், இசை, தோட்டக்கலை போன்ற பாடங்களுக்கு. வாரத்தில் மூன்று அரை நாள் வேலை. மாதம் 5,000 ரூபாய். மே மாதத்துக்குச் சம்பளம் தரவில்லை. பள்ளிக்கு விடுமுறை, ஆகவே வயிற்றுக்கும் விடுமுறை. தொகுப்பூதியம் பல வருடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி 2024-இல் 12,500 ஆனது. பணி நிரந்தரம் செய்வோம் என்று 2021 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. கொடுத்த வாக்குறுதிக்கு எண் 181. அந்த எண்ணைப் பதாகையில் எழுதிப் பிடித்துக்கொண்டு சென்னையில் எத்தனையோ முறை உட்கார்ந்து கைதாகி மண்டபங்களில் அடைக்கப்பட்டுத் திரும்பினார்கள். சேர்ந்தவர்களில் பலர் போய்விட, மிஞ்சியவர்கள் சுமார் 12,000 பேர்.

ஒரு பள்ளிக்கு ஓவிய ஆசிரியர் தேவை என்பது 2012-இல் உண்மையாக இருந்தால், அதற்குப் பிறகும் அது உண்மைதான். வேலை நிரந்தரமானது, ஆள் மட்டும் தற்காலிகம் என்பதைத்தான் 1981 சட்டம் மில் முதலாளியிடம் தடுத்தது. மில்லுக்குக் கூடாது என்று சட்டம் போட்ட அரசு, தன் பள்ளியில் அதையே செய்கிறது.

2022-இலும் இதே கதை. காலிப் பணியிடங்களுக்கு 13,331 தற்காலிக ஆசிரியர்களைப் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் எடுக்க உத்தரவு வந்தது. இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரிக்கு 10,000, முதுகலைக்கு 12,000 ரூபாய். மதுரைக் கிளை முதலில் தடை விதித்தது. பிறகு நெறிமுறைகளோடு நியமனம் நடந்தது.

நிரந்தரம் கேட்டால் அரசுத் தரப்பு கையில் எடுப்பது 2006-ஆம் ஆண்டின் உமாதேவி தீர்ப்பை. முறையான தேர்வு இல்லாமல் வந்தவர்களை நிரந்தரம் செய்வது உரிமையாகாது என்ற தீர்ப்பு. கொல்லைப்புற நியமனத்தைத் தடுக்க வந்த அந்தத் தீர்ப்பை, பல்லாண்டு நேர்மையாக உழைத்தவர்களுக்கு எதிரான ஆயுதமாக்கக் கூடாது என்று 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இனி சட்டத்தைக் காட்டி ஒதுங்குவது கடினம். மிச்சம் பணம், மனம் இரண்டும்தான்.

மறுபக்கம்

நிரந்தரம் கொடுத்தால் ஆசிரியர் சோம்பேறியாகிவிடுவார் என்று பெற்றோர் சொல்வதை ஒதுக்கிவிட முடியாது. அதற்கு ஆதாரமும் இருக்கிறது. பின்னாளில் நோபல் பெற்ற மைக்கேல் க்ரெமர், கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2003-இல் இந்தியா முழுக்க முன்னறிவிப்பின்றி அரசுப் பள்ளிகளுக்குப் போய்ப் பார்த்தார்கள். நான்கில் ஓர் ஆசிரியர் பள்ளியில் இல்லை. தொடர்ந்து வராத ஆசிரியரை நீக்கியதாகச் சொன்னவர், கிட்டத்தட்ட 3,000 அரசுப் பள்ளித் தலைமையாசிரியர்களில் ஒரே ஒருவர். ஆந்திரத்தில் முரளிதரன் நடத்திய இன்னோர் ஆய்வில், நிரந்தர ஆசிரியரைவிட மிகக் குறைந்த சம்பளம் வாங்கிய ஒப்பந்த ஆசிரியர்கள் பள்ளிக்கு வராமல் இருந்தது குறைவு. பிள்ளைகளின் கற்றலிலும் அவர்கள் பின்தங்கவில்லை.

வலுவான வாதம்தான். ஆனால் கென்யாவையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அங்கே தொண்டு நிறுவனம் ஒப்பந்த ஆசிரியர்களை வைத்து நடத்திய பரிசோதனை நல்ல பலன் தந்தது. அதையே அரசு விரிவாகச் செய்தபோது பலன் காணாமல் போயிற்று. கண்காணிப்பும் ஊக்கமும் இருந்த இடத்தில் பாடம் நடந்தது. வெறும் பயம் பாடம் நடத்தவில்லை. அமெரிக்காவிலும் கலிபோர்னியாவின் பணிப் பாதுகாப்புச் சட்டங்கள் மாணவருக்கு அநீதி என்று 2014-இல் வெர்காரா வழக்கில் ஒரு நீதிபதி ரத்து செய்தார். 2016-இல் மேல் நீதிமன்றம் அதைத் திருப்பிவிட்டது. இரண்டே வருடத்தில் அங்கே நிரந்தரம் கிடைத்துவிடுகிறது, ஆளை எடைபோட அது போதாது என்ற குறை மட்டும் இன்னும் பேசப்படுகிறது. அது நியாயமான குறை.

நம் ஊரிலும் கோளாறு அங்கேதான். தகுதிகாண் பருவம் என்று பெயருக்கு இரண்டு வருடம் வைத்திருக்கிறோம். அந்த இரண்டு வருடத்தில் புதிய ஆசிரியரின் வகுப்பில் எத்தனை பேர் பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார்கள்? 'பணி திருப்தி' என்று ஒரு சான்று எழுதி, நாள் முடிந்ததும் ஆணை வந்துவிடுகிறது. உள்ளே வரும்போது வடிகட்டாமல், இருபது வருடம் கழித்து வெளியேற்ற முடியவில்லை என்று வருந்துவதில் பயனில்லை. 17பி விசாரணைக்கும் முடிவு தேதி வேண்டும். தவறு செய்யாதவர் வருடக்கணக்கில் பதவி உயர்வு இன்றித் தொங்குகிறார், தவறு செய்தவரோ அதே இழுபறியில் ஒளிந்துகொள்கிறார். பிள்ளைகளிடம் அத்துமீறியவருக்கு நிரந்தரம் எந்தக் காலத்திலும் கேடயமல்ல. பணிநீக்கத்தோடு சான்றிதழையும் ரத்து செய்ய 2012-ஆம் ஆண்டின் அரசாணை 121 வழி வைத்திருக்கிறது.

நிரந்தரம் என்பது எவ்வளவு மெல்லிய நூல் என்பதை 2003 ஜூலை காட்டியது. வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர், ஆசிரியர் சுமார் 1,70,000 பேரை ஜெயலலிதா அரசு டெஸ்மா என்னும் அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் ஒரே வீச்சில் நீக்கியது. வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையும் இல்லை, தார்மீக உரிமையும் இல்லை என்று ஆகஸ்ட் 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொன்னது. பெரும்பாலோர் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்து வேலைக்குத் திரும்பினார்கள். பணிப்பதிவேடு கையில் இருந்தவர்களுக்கே இந்தக் கதி.

செய்ய வேண்டியது தெரியாமல் இல்லை. தனியார் பள்ளி ஆசிரியர்களின் விவரமும் கல்வித்துறையின் 'எமிஸ்' தளத்தில் ஏறுகிறது. அதில் பதிவான நாளிலிருந்து நிரந்தரத்துக்கான நாள் கணக்கை ஓடவிடலாம். கல்வி உரிமைச் சட்டப்படி ஒரு கல்வியாண்டுக்குத் தொடக்கப் பள்ளிக்கு 200 வேலைநாள், ஆறு முதல் எட்டு வரை 220. ஆகவே இரண்டு ஆண்டில் 400 அல்லது 440 நாள். அதற்குள் குறைந்தது நான்கு முறையாவது வெளியாள் ஒருவர் வகுப்பைப் பார்த்து எழுதிய அறிக்கை இருக்கட்டும். தேறினால் நிரந்தரம், தேறாவிட்டால் காரணத்தோடு எழுத்தில் பதில். ஒரிஜினல் சான்றிதழைப் பிடித்து வைக்கும் பள்ளிக்கு அங்கீகாரப் புதுப்பிப்பு இல்லை என்று ஒரு வரி சேர்த்தால், பாதிப் பேருக்கு மூச்சு வரும்.

டெட் என்னும் கத்தி

இந்த நேரத்தில்தான், நிரந்தரம் பெற்று இருபது வருடம் ஆனவர்களின் தலைக்கு மேலேயும் ஒரு தேதி தொங்குகிறது. 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் தீபாங்கர் தத்தா, மன்மோகன் அமர்வு அளித்த தீர்ப்பின்படி, ஒன்று முதல் எட்டு வரை நடத்தும் ஆசிரியர்களில் ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு ஆண்டுக்குள் 'டெட்' என்னும் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும். இல்லையென்றால் வெளியேற வேண்டும். ஐந்து ஆண்டுக்குக் குறைவாக இருப்பவர் தொடரலாம், பதவி உயர்வு கிடையாது. தமிழ்நாட்டில் மட்டும் ஒன்றே முக்கால் லட்சம் ஆசிரியர்கள் பாதிக்கப்படுவார்கள் என்பது கணக்கு. மாநில அரசு சீராய்வு மனு போட்டது. பணியில் இருப்பவர்களுக்கென 2026-இல் சிறப்புத் தேர்வுகளையும் அறிவித்தது.

டெட் எப்படிப்பட்ட தேர்வு என்று தமிழ்நாடு மறந்திருக்காது. 2012 ஜூலை 12-ஆம் தேதி நடந்த முதல் தேர்வை ஆறரை லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் எழுதினார்கள். 150-க்கு 90 எடுத்துத் தேறியவர்கள் 2,448 பேர். நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அப்போது எழுதியவர்கள் படிப்பை முடித்து வந்த இளைஞர்கள். இப்போது எழுதச் சொல்வது ஐம்பது வயதுக்காரரை. முப்பது பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டச் சொல்லிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய் கைடு புரட்ட வேண்டியவர் அவர். தேர்வில் வரும் உளவியல் கேள்விக்கு அவர் சரியான கட்டத்தை நிரப்பாமல் போகலாம். அழுகிற முதல் வகுப்புப் பிள்ளையை எப்படி உட்கார வைப்பது என்று அவருக்குத் தெரியும்.

தரம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பழைய ஆசிரியருக்கும் புதிய பாடம் தெரிய வேண்டும். அதற்குப் பயிற்சியும் வகுப்பறைப் பார்வையும் வழி. நுழைவுக்கென்று வைத்த தேர்வை, அது பிறக்கும் முன்பே விதிப்படி நுழைந்தவரின் வேலையைப் பறிக்கப் பயன்படுத்துவது வேறு விஷயம். கல்வி உரிமைச் சட்டத்தின் 23-ஆவது பிரிவில்தான் முடிச்சு இருக்கிறது. 2017-இல் நாடாளுமன்றம் இதே பிரிவைத் திருத்தி, குறைந்தபட்சத் தகுதி பெறாத ஆசிரியர்களுக்கு 2019 மார்ச் 31 வரை அவகாசம் கொடுத்தது. அதே பிரிவை இன்னொரு முறை திருத்தி, 2010 ஆகஸ்ட் 23-இல் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் டெட்டை அறிவிக்கும் முன் முறைப்படி நியமனம் பெற்றவர்களுக்கு விலக்கு என்று ஒரு வரி சேர்க்கலாம். தமிழ்நாட்டின் எம்.பி.க்கள் கட்சி பார்க்காமல் சேர்ந்து கேட்கக்கூடிய வரி அது. தீர்ப்பு தந்த இரண்டு ஆண்டு அவகாசம் முடியும் 2027 ஆகஸ்ட் 31-தான் அதற்கான கடைசித் தேதி.